வெறுங்கைக்கு ஏற்ற கடிவாள வார்

வெறுங்கையால் குதிரை ஓட்டுகிறவருக்குக் கடிவாள வாரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலில் வாரின் ஓரத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். கையை அறுப்பது ஓரம்தான், நடு அல்ல. சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் அதைக் கொடுத்து, மேலே கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் பிடி நிற்க வேண்டும். நிற்பதற்காகக் கையை இறுக்க வேண்டியிருந்தால் அந்த வார் ஆகாது. காய்ந்த வாரைப் பிடித்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, நனைத்துப் பிடிக்க வேண்டும். நின்ற குதிரையிடமும் பார்க்கக் கூடாது. குதிரை நடக்க வேண்டும், தலையை ஆட்ட வேண்டும், வார் கைக்குள் முன்னும் பின்னும் ஓட வேண்டும்.

நான் வாழ்நாளில் ஒருமுறைகூடக் குதிரை ஏறியதில்லை. ஜப்பான்காரன் காலத்தில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, அதாவது இளைய எழுத்தராக இருந்தேன். பேனா பிடிப்பதும் கொழுந்து நிறுப்பதும்தான் என் வேலை. மேலே சொன்னவற்றில் கடைசி இரண்டும் எனக்கு உறைத்தது ஒரு மனிதர் லோரியில் ஏறிப் போன பிறகு. அவர் போனதற்கு நான் காரணம். இதை யாரிடமும் சொல்லவில்லை. வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இனிமேலும் சொல்லாமல் இருந்தால் சொல்ல ஆள் இருக்காது.

சண்டை மலையை எட்டுவதற்குச் சில வாரங்கள் முன்பு, ஒரு பகலில், எங்கள் துரை இரண்டு பெட்டிகளோடு காரில் ஏறித் தாப்பா பக்கம் இறங்கிப் போனார். பெரிய கிராணியும் குடும்பத்தோடு போய்விட்டார். ஜப்பான்காரன் இன்னும் மேலே வரவில்லை. நடுவில் இருந்த அந்தச் சில வாரங்களில் தோட்டத்துக்கு ஆள் யாரும் இல்லை. முதலில் அரிசி ஸ்டோர் காலியானது. பிறகு பங்களாவின் திரைச்சீலைகள், கம்பளிகள், பாத்திரங்கள். படித்தவன் என்ற கர்வத்தில் நான் ஆபீசைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, துரை திரும்பி வந்தால் என்ன பதில் சொல்வீர்கள் என்று கண்டவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் என் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவளுக்குப் பால் சுரக்கவில்லை. மூன்று நாள் கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்துக் குழந்தையின் வாயில் பிழிந்தோம். நான்காம் நாள் அது அழுவதையும் நிறுத்திவிட்டது. பக்கத்து ஊரான தானா ராத்தாவில் மளிகைக் கடை வைத்திருந்த பாயிடம் பால் டின் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடினேன்.

"காசு வேணாம் கிராணியாரே," என்றார் பாய். "இந்தக் காசு நாளைக்குச் செல்லுமான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தோல் இருந்தா கொண்டாங்க. செருப்புக்கு ஆளு அலையுது."

திரும்பி வந்து நேராகப் பங்களாவின் குதிரை லாயத்துக்குப் போனேன். குதிரைக்காரர் புல் அறுக்கச் சரிவில் இறங்கியிருந்தார். சேணம் வைக்கும் அறையில் கடிவாள வார்கள் வரிசையாக ஆணிகளில் தொங்கின. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று தோலை மெல்லிய இழைகளாக வெட்டிப் பெண்பிள்ளையின் சடை போலப் பின்னியது. கைக்குள் சுருண்டு அடங்கியது. அதை எடுத்துச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு போனேன். அன்று என் கை மிகச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

நான்கு டின் பால் கிடைத்தது. குழந்தை பிழைத்தது. அவளுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். எடுத்ததற்காக நான் வருந்தவில்லை, வருந்தவும் முடியாது. என் குற்றம் அதற்குப் பின்னால் நடந்தது.

பங்களாவுக்கு ஜப்பான் அதிகாரி ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். சத்தம் போடமாட்டார். புத்தகத்தில் படித்த இங்கிலீஷைச் சொல் சொல்லாக நிறுத்திப் பேசுவார். அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் தீக்காயம் ஆறி, மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் புதிதாக மூடியிருந்தது. கையுறை போட்டால் உள்ளே வெந்து அந்தத் தோல் கழன்றுவிடும் என்பதால் வெறுங்கையோடுதான் இருப்பார். துரை விட்டுப் போன செவலைக் குதிரையைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். தினமும் காலை எட்டு மணிக்குத் தேயிலைச் சரிவுப் பாதைகளில் ஒரு மணி நேரம் போய்வர ஆரம்பித்தார்.

தோட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிஞ்சியிருந்தேன். அவர் சொல்வதை நான் தமிழில் சொல்வேன். ஆட்கள் சொல்வதை நான் இங்கிலீஷில் சொல்வேன். இரண்டு பக்கமும் என் வாயைத்தான் நம்பியது.

குதிரைக்காரருக்கு ஏறக்குறைய என் வயதுதான். மனைவி கொழுந்து பறிக்கிறவர். பிள்ளை இல்லை. அவர் என்னை ஐயா என்று கூப்பிடுவார், நான் அவரை நீ, வா, போ என்பேன். இப்போது அவர் என்று எழுதுகிறேன். உயிரோடு என் முன்னால் நின்றபோது ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு அவ்வப்போது லோரி மேலே வரும். எத்தனை பேர் என்று அதிகாரி சொல்வார், பெயர்களை நான் எழுதுவேன். முதல் முறை போனவர்களில் ஒருவர்கூட ஒரு கடிதம் போடவில்லை. இரண்டாம் முறை லோரி வந்தபோது ஆட்கள் காட்டுக்குள் ஓடினார்கள். குதிரைக்காரர் பெயர் மட்டும் எழுதப்படவில்லை. குதிரைக்கு ஆள் வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை அதிகாரி சவாரியிலிருந்து சீக்கிரமே திரும்பினார். இறங்கி, கைகளை விரித்து எங்களிடம் காட்டினார். புதுத்தோலில் வரிசையாகக் கொப்புளங்கள். கோபமாக அல்ல, கணக்குப் பாடம் சொல்லித் தருவது போலச் சொன்னார்: "இந்த வாரைப் பிடித்து என்னால் போக முடியவில்லை. நான் போகாவிட்டால் குதிரை எதற்கு? குதிரை இல்லாவிட்டால் இந்த ஆள் எதற்கு? சனிக்கிழமை லோரி வருகிறது."

பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பி, சந்தையில் காய் பார்ப்பது போல உள்ளங்கையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "எழுத்தர் கை. என் கையைப் போல. நீ பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடு. உன் கையில் கொப்புளம் வராத வார் எனக்கும் சரி."

அவர் உள்ளே போனதும் குதிரைக்காரர் கேட்டார். "என்னய்யா சொல்றான்?"

"சனிக்கிழமைக்குள்ள கைய உறுத்தாத லகான் வேணுமாம்."

"இல்லன்னா?"

சொன்னேன். குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். "நல்லா இருக்கு கதை. அவன் கை கொப்புளிச்சா நான் சயாமுக்குப் போகணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க, கைய காட்டுங்க. அடேங்கப்பா, கல்யாணப் பொண்ணு கை மாதிரியில்ல இருக்கு. மருதாணி ஒண்ணுதான் குறைச்சல். என் கையில நெருப்ப வச்சாலும் தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

மறுநாளிலிருந்து பார்த்தோம். குதிரையின் வாயில் கடிவாள இரும்பைக் கொடுத்து, நான் பின்னால் நடந்தபடி வாரைப் பிடிக்க, அவர் பக்கத்தில் நின்று குதிரையை நடத்துவார். அதிகாரி பிடித்த அகலத் தோல் வார் மலையின் ஈரத்தில் பூசணம் பூத்து விறைத்துப்போயிருந்தது. குதிரைக்காரர் அதைச் செம்பனை எண்ணெயில் ஊறவைத்து அடித்து மென்மையாக்கிப் பார்த்தார். மென்மை வந்தது, கூடவே வழுக்கலும் வந்தது. வழுக்கும் வாரை இறுக்கிப் பிடித்தேன், ஓரம் அறுத்தது. ரப்பர் உறை போட்ட வார் ஒன்று பிடிக்க நன்றாக இருந்தது. பத்து நிமிடத்தில் கை சூடாகி, ரப்பர் பசையாக இளகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுத்தபோது கட்டைவிரல் அடியில் தோலும் கூடவே வந்தது. உருட்டித் தைத்த மெல்லிய வார் விரல் சந்துகளைக் கிழித்தது. புத்தம் புதிதாக எண்ணெயே காணாத ஒன்று பலகை போல இருந்தது.

புதன்கிழமை மாலைக்குள் என் இரண்டு கைகளிலும் பேனா பிடிக்க இடமில்லை. வேப்பிலை கிடைக்காத மலையில் அவர் ஏதோ ஒரு இலையைக் கசக்கிக் கட்டிவிட்டார். கட்டிக்கொண்டே சொன்னார்.

"பின்னல் லகான் ஒண்ணு இருந்துச்சுங்கய்யா. துரை அததான் வச்சிருப்பாரு. அவரும் கைக்கு ஒறை போட மாட்டாரு. மழையில நனைஞ்சாலும் வழுக்காது, வெயில்ல காஞ்சாலும் வெறைக்காது. அது இருந்தா இந்த ரோதனையே இல்ல. எந்தப் பாவி தூக்கிட்டுப் போனானோ. கங்காணி வீட்டு ஆளுங்கதான் எடுத்திருப்பானுங்க."

"இருக்கும்," என்றேன்.

அந்தப் பின்னல் வார் அதிகாரியின் கண்ணெதிரேயே இருந்தது. பங்களா முன்னறையில் துரை அதே செவலைக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் புகைப்படம் ஒன்று சட்டம் போட்டுத் தொங்கியது. வெறும் கைகள். கைகளில் சடை சடையாகப் பின்னல். திரைச்சீலையை எடுத்தவர்கள் அந்தப் படத்தை ஏன் எடுக்கவில்லை என்று அந்த வாரம் முழுவதும் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை, ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டுத் தானா ராத்தாவுக்கு நடந்தேன். கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துப் பாய் பயந்துவிட்டார். நான் கேட்டதும் பயம் சிரிப்பாக மாறியது.

"அந்தத் தோலா? அது இப்ப ஏழெட்டுப் பேரு கால்ல நடந்துகிட்டு இருக்குது லா. மருந்துக்கடைக்காரரு ஒண்ணு போட்டிருக்காரு. அவரப் போயி செருப்பக் கழட்டுங்கன்னு சொல்லப் போறீங்களா?"

"ஒரு ஆளோட உயிர், பாய்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். உள்ளே போய்த் தேடி, ஒரு சாண் நீளத் துண்டைக் கொண்டுவந்தார். கொக்கி தைத்திருந்த முனை. செருப்புக்கு உதவாது என்று போட்டு வைத்திருக்கிறார். "இதுதான் மிச்சம். வச்சுக்கங்க. ஒண்ணும் தர வேணாம்." அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்ப மனம் வரவில்லை.

லாயத்துக்கு வந்து, கையில் கசிந்த நீரைத் துடைக்கக் கைக்குட்டையை உருவினேன். கொக்கித் துண்டு அதோடு வந்து வைக்கோலில் விழுந்தது. நான் குனிவதற்குள் குதிரைக்காரர் எடுத்துவிட்டார். அதைப் புரட்டிப் பார்த்தார். கொக்கியின் மேல் அவரே ஒருமுறை செப்பனிட்டுப் போட்ட தையல் இருந்தது.

"இது எங்க கெடைச்சுது?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. பால் டின் வரைக்கும் சொன்னேன்.

கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். "நேத்து கங்காணி வீட்டு ஆளுங்கன்னு சொன்னேன். இருக்கும்னீங்க." என் முகத்தைப் பார்க்காமலே பேசினார். "புள்ளைக்கின்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே அவுத்துக் குடுத்திருப்பேனே. குதிரையா பெருசு?"

கொக்கித் துண்டை என்னிடமே நீட்டினார்.

"சரி. போனது போச்சு. ஆனா அந்தப் படத்த அவன் தெனம் பாக்குறான். ஒரு நாளு இது எங்கன்னு கேப்பான். அப்ப நான்தான் எடுத்தேன்னு நீங்களே சொல்லிரணும். உங்கள ரெண்டு அறை அறைவான். அனுப்ப மாட்டான். நீங்க இல்லாட்டி அவனுக்கு வாயே இல்ல. என் தலையில விழுந்துச்சுன்னா நான் போயிருவேன்."

"சொல்றேன்."

"இப்படிச் சொன்னா பத்தாது. புள்ள தலையில அடிச்சுச் சொல்லுங்க."

எங்கள் வீடு லாயத்துக்குக் கீழேதான். மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். அவர் என்னோடு கீழே வந்தார். நான் கட்டுப் போட்ட கையைக் குழந்தையின் உச்சந்தலையில் வைத்தேன். கேட்டால் சொல்வேன் என்றேன். என்ன விஷயம் என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் சொன்னோம்.

அன்று பிற்பகல் குதிரைக்காரரின் மனைவி கொழுந்தை நிறை போட்டுவிட்டு, காலிக் கூடையோடு லாயத்துப் பக்கம் வந்தார். கொழுந்துக் கூடை முதுகில் தொங்கும். அதன் பாரத்தைத் தாங்குவது நெற்றிக்கு மேல் போகும் ஒரு பட்டை. பருத்தித் துணியைப் பல மடிப்பாக மடித்துத் தைத்தது. வருடக்கணக்கில் தலை எண்ணெயும் வியர்வையும் ஊறி அது காது மடல் போல மென்மையாகிவிடும். குதிரைக்காரர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவர் நெற்றியிலிருந்து பட்டையைக் கழற்றினார்.

"ஐயா, இதக் கொஞ்சம் புடிங்க."

பிடித்தேன். மூன்று நாளில் முதல்முறையாகக் கை எரியவில்லை.

"என் வார எடுத்துக்கிட்டா நான் கூடைய பல்லுல கடிச்சுக்கிட்டா போறது?" என்றார் அந்த அம்மாள்.

"ரெண்டு நாளைக்குக் கோணிக் கயித்தக் கட்டிக்க."

"நெத்திய அறுக்கும்."

"என் தல போறதுக்கு உன் நெத்தி அறுக்கட்டும்."

அந்த அம்மாளுக்குச் சனிக்கிழமை விஷயம் தெரியும். பட்டையை இரண்டாக வெட்டக் கூடாது என்று மட்டும் சொன்னார். தன்னுடைய இன்னொரு பழைய பட்டையையும் கொண்டுவந்து தந்தார். தோல் வாரில் கை பிடிக்கும் இடத்தில் மட்டும், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, இரண்டு பட்டைகளையும் குதிரைக்காரர் சுற்றித் தைத்தார். நெருக்கமான, அழகான தையல்.

வெள்ளிக்கிழமை நான் அதைப் பிடித்துப் பார்க்க வேண்டும். தூறிக்கொண்டிருந்தது. லாயத்துக்குள் குதிரை நின்றது. வாரைக் கையில் எடுத்தேன். அவர் மறுமுனையைப் பிடித்துப் பாரமாக இழுத்தார். பஞ்சு போல இருந்தது.

"எப்படிங்கய்யா?"

"இதான் சரி."

"வெளிய கொண்டுபோயி நடத்தட்டா? நனைச்சும் பாத்துருவோம்."

என் கையைப் பார்த்தேன். கட்டு நனைந்தால் மறுபடி எரியும். நடக்கிற குதிரையின் பின்னால் இன்னும் ஒரு மணி நேரம் போவதை நினைத்தாலே பல் கூசியது. "வேணாம். போதும். தெனமும் மழையில கெடக்குற பட்டைதானே. அதுக்கு ஒண்ணும் ஆகாது," என்றேன்.

"உங்க கைய நம்பித்தான் இருக்கேன்," என்று சொல்லி வாரை ஆணியில் மாட்டினார்.

தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. மழையில் நனைந்த பட்டையை நெற்றியில் சுமந்து கொண்டு பெண்கள் சரிவு ஏறுவதைத் தினமும் பார்த்தவர்கள் நாங்கள். நெற்றியில் பட்டை அசையாது. பாரம் அதை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்திருக்கும். கையில் வார் ஓடும். குதிரை தலையை நீட்டும்போதெல்லாம் ஓடும், இழுக்கும்போதெல்லாம் திரும்ப ஓடும். நனைந்த துணி ஓடும்போது அது அரம். ஒரு மணி நேரம் வேண்டாம், கால் மணி நேரம் நடந்திருந்தால் எனக்கு அது தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை காலை மூடுபனியும் சாரலும். எட்டு மணிக்கு அதிகாரி ஏறினார். பட்டையைப் பிடித்துப் பார்த்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். குதிரைக்காரர் அந்தத் தலையசைப்பைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்ததை நானும் பார்த்தேன். வளைவில் குதிரை மறையும்வரை இரண்டு பேரும் நின்றோம். "வந்துரட்டும். உங்க வீட்டுல ஒரு கோப்பித் தண்ணி குடிக்கணும்," என்றார்.

அரை மணி நேரத்தில் குதிரை திரும்பியது. அதிகாரி இறங்கிக் கைகளைக் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமில்லை, பட்டையின் வெளுப்பில் சிவப்பு ஊறியிருந்தது. ஈர பூட்ஸோடு நேராக முன்னறைக்குள் போனார். எங்களைக் கூப்பிட்டார். புகைப்படத்தின் எதிரே நின்றுகொண்டிருந்தார். உரிந்த விரலால் துரையின் கையிலிருந்த பின்னலைத் தொட்டார். கண்ணாடியில் ஒரு கறை விழுந்தது.

"இந்த வார் எங்கே? அவனைக் கேள்."

குதிரைக்காரருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் விரல் எதைத் தொட்டது என்று தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார். பயத்தோடு அல்ல. வேளை வந்துவிட்டது, சொல்லுங்கள் என்பது போல.

கீழே வளைவில் லோரி கியர் மாற்றி ஏறும் சத்தம் கேட்டது.

நான் அவர் பக்கம் திரும்பி, தமிழில், "பட்டைய நனைச்சுப் பாக்கலையா நீ?" என்று கேட்டேன்.

அவர் குழம்பினார். "நீங்கதானேய்யா வேணாம்னீங்க."

நான் அதிகாரியிடம் திரும்பி இங்கிலீஷில் சொன்னேன்: "அது தன் பொறுப்பில்தான் இருந்தது, தொலைந்துவிட்டது என்கிறான்."

அதிகாரி தலையசைத்தார். மேசைமேல் இருந்த பட்டியலைக் காட்டினார். உட்கார்ந்தேன். பேனாவை எடுத்தேன். கட்டுப் போட்ட கையில் பேனா நிற்கவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டு எழுதினேன். குதிரைக்காரர் பெயர், அவர் அப்பா பெயர், வயது.

"சொல்லிட்டீங்களா ஐயா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சொல்லிட்டேன்."

அவர் அதிகாரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை எழுந்து என் கன்னத்தில் விழும் என்று காத்திருந்தார். எனக்காக அவர் தோள் சற்றே குறுகியதுகூட எனக்குத் தெரிந்தது. கை எழவில்லை. அதிகாரி ஜன்னலருகே போய் லோரியைப் பார்த்தார். அப்போதுதான் குதிரைக்காரர் என் பேனாவைப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த மேசையில் அந்தக் காகிதத்தில் என்ன எழுதுவார்கள் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவர் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். எப்படி? அவருக்கிருந்த வாயும் நான்தான்.

லோரியில் ஏற்றுவதற்கு அவரை வெளியே அழைத்துப் போனபோது படியில் ஒரு கணம் நின்றார். "புள்ளைய நல்லா பாத்துக்குங்க," என்றார். என்ன குரலில் சொன்னார் என்பதை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நினைவுபடுத்திப் பார்க்கிறேன். அது ஒவ்வொரு முறையும் வேறு குரலாக இருக்கிறது.

இரண்டு அறை. அதிகம் போனால் ஒரு வாரம் வீங்கிய முகம். அதற்குப் பயந்துதான் செய்தேன். வேறு காரணம் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

அடுத்த வாரமே அதிகாரி சவாரியை விட்டுவிட்டார். அவருக்கு ஒரு காரும் பெட்ரோலும் வந்துவிட்டன. செவலைக் குதிரையின் கழுத்தில் கயிற்றைக் கட்டி விறகு இழுக்க விட்டார்கள். அதற்குப் பிறகு அதன் வாயில் யாரும் கடிவாளம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அந்த அம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். நெற்றியில் கோணிக் கயிறு அறுத்த கோடு செக்கச் சிவந்திருந்தது. அவர் கணவரைப் பற்றிக் கேட்கத்தான் வந்தார் என்று நினைத்துப் பதில் தயாரித்துக்கொண்டே எழுந்தேன்.

"என் பட்டை வேணும் ஐயா. கயிறு கட்டிக்கிட்டு ஏற முடியல."

லாயத்துக்குப் போய், ஆணியில் தொங்கிய வாரை எடுத்து, பேனாக்கத்தியால் தையலைப் பிரித்தேன். நெருக்கமான தையல், வெகு நேரம் ஆனது. இரண்டு பட்டைகளையும் கொடுத்தேன். கறையை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு கேட்டார். "அவரு என்ன தப்பு பண்ணிட்டாருன்னு அந்த ஜப்பான்காரன் சொன்னானாய்யா?"

"அவனுங்க எதுக்குக் காரணம் சொல்றானுங்க," என்றேன். அது மூன்றாவது பொய்யா நான்காவதா என்று நான் எண்ணவில்லை.

சண்டை முடிந்தது. சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. பார்த்ததாகச் சொல்லவும் ஆள் இல்லை. அந்த அம்மாள் தோட்டத்திலேயே இருந்தார். தினமும் மூன்று வேளை என் தராசின் முன் வந்து கூடையை இறக்குவார். பட்டையை நெற்றியிலிருந்து தூக்கும்போது அதன் இரண்டு ஓரத்திலும் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். நான் துளைகளைப் பார்ப்பேன். முகத்தைப் பார்க்கமாட்டேன்.

என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், ஆனால் தலையைத் தொட்டுப் பார்க்கமாட்டேன். அப்பா ஏன் எப்போதும் கழுத்தைத் தொட்டே சூடு பார்க்கிறார் என்று அவள் கேட்டிருக்கிறாள். கல்யாணத்தன்று காலில் விழுந்தபோதும் அட்சதையைத் தூவினேன், கையை வைக்கவில்லை. இதைப் படிக்கும்போது அவளுக்குக் காரணம் தெரியும்.

அவளுக்கு நான்கைந்து வயது இருக்கும்போது ஒருநாள் நிறை நேரத்தில் என்னைத் தேடிக்கொண்டு தராசுக்கு வந்துவிட்டாள். வரிசையில் அந்த அம்மாள் நின்றார். கூடையை இறக்கி, பட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, குனிந்து குழந்தையின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தார். நான் கை வைத்த அதே இடம்.

"கிராணி ஐயா மகளா? நல்லா வளந்துட்டியே," என்றார். "அவரு இந்தப் புள்ளையப் பத்தியே பேசுவாரு. உங்க வீட்டுல ஒரு கோப்பித் தண்ணி குடிக்கணும்னு அன்னிக்குக் காலையிலகூடச் சொன்னாரு."

என் வீடு ஐம்பது அடி தூரத்தில் இருந்தது. அடுப்பில் கோப்பி இருந்தது. நான் கொக்கியில் கூடையை மாட்டி, முள் நிற்கும்வரை பார்த்து, எடையைச் சொன்னேன். அந்த அம்மாள் பட்டையை மறுபடி நெற்றியில் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கினார். அடுத்த கூடையை வாங்கினேன்.